உன் நிறத்தில் ஒரு பலகை

இன்று காலை நம் லேசர் இயந்திரத்தின் அடித்தட்டைக் கழற்றிச் சுரண்டினேன். மரத்தூள், பசை, கருகிய டேப் துணுக்குகள் எல்லாம் சேர்ந்து தார் போல ஒட்டிக்கிடந்தன. சுரண்டச் சுரண்ட வாசம் கிளம்பியது. ரப்பர் மரம் எரிந்த இடத்தில் ரொட்டி தீய்ந்த வாசம், அதற்கு அடியில் கொஞ்சம் புளிப்பு. பைன் எரிந்த இடத்தில் பிசின் நெடி. உள்ளே எந்தப் பலகை ஓடுகிறது என்று நீ கண்ணை மூடிக்கொண்டு மூக்காலேயே சொல்வாய். எனக்கு அப்போது அது வரவில்லை. இப்போது வருகிறது. வாசம் தெரிகிறது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு வர வேண்டிய அழுகையோ ஏக்கமோ எதுவும் வருவதில்லை.

நீ போய் ஒரு வருடம் தாண்டிவிட்டது, மச்சான். செத்தவர்களுக்குக் கடிதம் எழுதுகிறவர்களை நீ எப்படிக் கிண்டல் செய்வாய் என்று தெரியும். ஃபேஸ்புக்கில் யாராவது சொர்க்கத்தில் இருக்கும் அப்பாவுக்கு வாழ்த்துச் சொன்னால், "அங்க லைன் கெடைக்குதாடா?" என்று கேட்பாய். கிடைக்காது. இருந்தாலும் ஒரு விஷயத்தை உன்னிடம்தான் சொல்ல வேண்டும். வேறு யாருக்கும் அது முழுசாகப் புரியாது. உன் முகத்தை நான் மரத்தில் எரித்தேன். முதல் தடவை தப்பாகப் போனது.

கடைக்கு இடம் தேடி ஈப்போ நகரைச் சுற்றிய நாள்கள் ஞாபகம் இருக்கிறதா? தொலைபேசியில் பேசும்போது காலியாக இருந்த கடை, நாம் நேரில் போய் நின்றதும் யாருக்கோ போய்விட்டிருக்கும். ஒரு கடைச் சொந்தக்காரர் நம் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாவியைச் சட்டைப் பைக்குள் திரும்பப் போட்டார். இந்தியர்களுக்கு இல்லை என்று விளம்பரத்திலேயே எழுதுகிறவர்களாவது நம் பெட்ரோலை மிச்சப்படுத்தினார்கள். ஒவ்வொரு முறையும் நான் கத்தினேன். ஒவ்வொரு முறையும் நீ சிரித்தாய். உன் சிரிப்புத்தான் எனக்கு அதிகக் கோபத்தைத் தந்தது.

கடைசியில் பாய் தன் உணவகத்தின் பின்கட்டைக் கொடுத்தார். முன்னால் ரொட்டி, நாசி கண்டார் சோறு. பின்னால் நம் லேசர் இயந்திரம். புகைக்குழாயைப் பின்சந்துக்கு இழுத்துவிட்டோம். காற்று திரும்பினால் புகை அவர் அடுப்படிக்குள் போகும்.

"டேய், ஒங்க மரப்புகையில என் கோழி பொரிக்காமலே செவந்துருச்சுடா," என்பார் பாய்.

"அப்ப மரக்கறின்னு போர்டு போட்டுருங்க பாய். பலகை நான் செஞ்சு தாரேன்," என்பாய் நீ.

இயந்திரம் புதிதல்ல. கோப்பை, பதக்கம் விற்ற சீனர் ஒருவர் கடையை மூடியபோது வாங்கியது. கண்ணாடி மூடிக்கு ஒரு பக்கம் கீல் போயிருந்தது. கணினியும் வரைபடமும் வாடிக்கையாளரும் என் பொறுப்பு. மரமும் இயந்திரமும் உன்னுடையது. யாரும் உனக்குச் சொல்லித்தரவில்லை. எனக்கும்தான். வேகம், சக்தி என்று திரையில் இரண்டு எண்கள் இருந்தன. எந்த மரத்துக்கு எந்த எண் என்று சொல்ல ஆள் இல்லை. நீ எரித்து எரித்துப் பார்த்தாய்.

ரப்பர் வெளிறிய மரம். வேகமாக, குறைந்த சக்தியில் ஓட்டினால் தேநீர் நிறம். சக்தியைக் கொஞ்சம் கூட்டினால் சாக்லேட். இன்னும் கூட்டினால் கரி. பைனில் மெத்தென்ற வரி குழிந்து எரியும், பக்கத்துக் கெட்டி வரி அப்படியே நிற்கும். அதில் முகம் போட்டால் சிறைக் கம்பிக்குப் பின்னால் நிற்பது போல இருக்கும். மெர்பாவ் கருஞ்சிவப்பு, இரும்பு மாதிரி கெட்டி. மெதுவாக, அதிகச் சக்தியில் ஓட்டினால்தான் கோடு விழும், ஆனால் மெதுவாகப் போனால் எண்ணெய் கசிந்து புகைக்கறை ஓரத்தில் படியும். ஞாத்தோ பழுப்பு மரம், வரி அதிகம் இல்லை, சொன்ன பேச்சைக் கேட்கும். அதிலும் காய்ந்த பலகை ஒரு மாதிரி, மழையில் நனைந்து வந்தது வேறு மாதிரி.

அதனால் எந்த வேலைக்கும் முன்னால் அதே பலகையின் பின்பக்கத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள் எரிப்பாய். பக்கவாட்டில் வேகம் மாறும், மேலிருந்து கீழாகச் சக்தி மாறும். எந்தக் கட்டத்து நிறம் வேண்டுமோ அந்த எண்களில் வேலை ஓடும். அவசரக்காரர்கள் முன்னால் நிற்கும்போதும் நீ அதை விட்டதில்லை. "கட்டம் போடாம மூஞ்சி போடாத" என்பாய். நான் நூறு முறை சலித்துக்கொண்டிருப்பேன்.

நம்மிடம் அதிகம் ஓடியது ரப்பர் பலகைதான். நாம் பிறந்தது பீடோர் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் என்று கேள்விப்பட்டதும் சிலர் கண் கலங்குவார்கள். பெற்றோர் பால் வெட்டிய மரத்திலேயே பிள்ளைகள் கலை செய்கிறார்கள் என்று ஒருவர் காணொளிகூட எடுக்க வந்தார். எனக்கு அந்தத் தோட்டத்தைப் பற்றி ஏக்கமாகப் பேச எதுவும் இல்லை. லயத்து வீட்டுக் கூரை ஒழுகும். கக்கூஸுக்குக் கதவு இருக்காது. மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, பால்வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது நம்மைக் கிளம்பச் சொன்னார்கள், கிளம்பினோம். கேமராவைப் பார்த்து நீ சொன்னதை அவர் காணொளியில் சேர்க்கவில்லை.

"பால் வத்துனதும் மரத்த சோபா ஆக்குனானுங்க, நம்மள ஃபிளாட்டுல ஏத்துனானுங்க. மரத்துக்குத்தான் நல்ல எடம் கெடச்சிச்சு."

முகம் பிரச்சினையானது சித்தியவானிலிருந்து வந்த அந்தப் பெண்ணால். லோரி ஓட்டிய அப்பா இறந்துபோயிருந்தார், அவர் படத்தைப் பலகையில் கேட்டாள். இயந்திரத்தோடு வந்த மென்பொருளில் முகத்துக்கென்றே ஓர் அமைப்பு இருந்தது. அதைப் போட்டு, ரப்பர் பலகையில் ஓட்டினோம். இயந்திரத்துக்குத் தெரிந்தது ஒன்றுதான்: படத்தில் எங்கே கறுப்போ அங்கே எரி. அவர் கறுத்த மனிதர். எல்லாவற்றையும் எரித்துவிட்டது. கண் எது, கன்னம் எது என்று தெரியவில்லை.

"அண்ணே, இது எங்கப்பாவா? அடுப்புக்கரி மாதிரி இருக்கு," என்றாள். அழவில்லை. வெட்கப்பட்டது போல நின்றாள், தப்பு அவள் அப்பாவுடையது என்பது போல.

அவள் போனதும் நான் சொன்னேன்: "படத்த வெளுத்துட்டா முடிஞ்சிச்சு மச்சான். ரெண்டு நிமிசம்."

"யார வெளுக்கிற? செத்த மனுசனயா?"

"மிசினுக்கு அப்பிடித்தான் தெரியும்லா. நா என்ன பண்ண?"

"மிசினுக்கு என்னடா தெரியும்? செட்டிங் போட்டவன் மூஞ்சிதான் அதுக்குத் தெரியும்."

மென்பொருளோடு வந்த மாதிரிப் படத்தைத் திறந்து காட்டினாய். பொன்னிற முடி வைத்த ஒரு பெண். அவள் கன்னத்தில் எரிப்பதற்கு எதுவுமே இல்லை. அவளை வைத்துத்தான் அந்த எண்களைப் போட்டிருக்கிறார்கள். நம் ஆட்களின் முகம் வந்தால் என்ன செய்வது என்று யாரும் யோசிக்கவில்லை. நாம் வாங்குவோம் என்றே அவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள்.

அதற்குப் பிறகு நீ கடையில் கிடந்த மரம் எல்லாவற்றிலும் அந்த லோரிக்காரரை எரித்தாய். நான் வேறு வேலைகளை ஓட்ட முடியாமல் திட்டினேன். கடைசியில் ஒரு ஞாத்தோ துண்டைத் தூக்கி வந்து என் முன்னால் வைத்தாய். முடி, புருவம், மீசை, கண்மணி, தாடைக்குக் கீழே நிழல். இவ்வளவுதான் எரித்திருந்தாய். தோல் முழுக்க எரிக்காத மரம். ஆனால் அவர் அங்கே இருந்தார், வெயிலில் நின்றுவிட்டு வந்தவர் போல.

"எரிக்கிறது நெழல மட்டும். தோல மரம் பாத்துக்கும்," என்றாய்.

கண்ணின் வெள்ளையும் மர நிறத்தில்தானே இருக்கிறது என்று குறை கண்டுபிடித்தேன். யாரும் கவனிக்க மாட்டார்கள் என்றாய். யாரும் கவனிக்கவில்லை. அந்தப் பெண் திரும்ப வந்தாள், பலகையை வாங்கி அப்பாவின் கன்னத்தைக் கட்டைவிரலால் தடவினாள். "வேல முடிஞ்சி வந்து ஒக்காந்த மாதிரி இருக்கார்" என்றாள். நீ வேலை இருப்பது போல உள்ளே போய்விட்டாய்.

பிறகு முகத்துக்கு ஏற்ற மரம் தேடுவது நம் கடையின் வழக்கமாயிற்று. எல்லாரும் மெச்சினார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன். பாதிப் பேர் வெள்ளையாகத்தான் கேட்டார்கள். கல்யாணப் பலகைக்கு வந்த அந்தப் பெண்ணை மறந்திருக்க மாட்டாய்.

"அண்ணே, எனக்குக் கொஞ்சம் கலரு ஏத்திருங்க."

"மாப்பிள்ளைக்கு?"

"அவர அப்படியே விட்ருங்க. அவருக்கு இதே போதும்."

மாப்பிள்ளை பக்கத்திலேயே நின்றுகொண்டு தலையாட்டினான். நீ அவனுக்குத் தனியாக ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்தாய்.

கடை இரண்டு வயிற்றுக்குப் போதவில்லை. மாலை ஆனால் நீ பச்சைப் பெட்டியைப் பைக்கில் கட்டிக்கொண்டு, செயலி சொல்லும் வீடுகளுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்குக் கிளம்புவாய். உன் முகம் கறுத்துக்கொண்டே வந்தது, தலைக்கவச வார் பட்ட இடம் மட்டும் தாடையில் வெளுப்பாக ஒரு கோடு. கோப்பெங் சாலையில் அந்த மாலை மழை. லோரி. நான் மருத்துவமனைக்குப் போனபோது உன் பொருள்களைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள். பைக்குள் உன் தொலைபேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். உங்கள் பகுதியில் இப்போது தேவை அதிகம், உடனே இணையுங்கள் என்று செயலி உன்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. நீ அவர்களுடைய தொழிலாளி இல்லை, கூட்டாளி என்று செயலிக்காரர்கள் பிறகு சொன்னார்கள். கூட்டாளி செத்ததற்கு ஒருவரும் வரவில்லை.

விபத்துச் செய்தியின் கீழே ஒருவன் எழுதியிருந்தான், இவனுங்க எப்பவும் இப்படித்தான் ஓட்டுவானுங்க என்று. நான் பதில் எழுதவில்லை. நான் பதில் எழுதாமல் விட்டேன் என்றால் உன்னால் நம்பவே முடியாது. அழவும் இல்லை. உன்னை எரித்த மறுநாள் ஒரு பள்ளிக்கூடத்துப் பரிசுக் கேடயங்களை ஓட்டினேன். அளவு பிசகவில்லை. பாய் வந்து பார்த்துவிட்டு ஒரு தட்டில் ரொட்டி வைத்துவிட்டுப் போனார். தின்றேன்.

இப்படியே பல மாதம் போனது. ஒரு நாள் உன் அம்மா கடைக்கு வந்தார். பேரங்காடியில் கூட்டித் துடைக்கிற வேலையிலிருந்து நேராக வந்திருந்தார், அந்த நீல முழுக்கைச் சட்டையோடு.

"தலைத் தெவசம் வருதுடா. படையலுக்கு அவன் படம் வேணும். கண்ணாடி ஃபிரேம் வேணாம். அவன் செஞ்ச மாதிரி பலகையில போட்டுத் தா."

"செஞ்சு தாரேன்ம்மா."

போகப் போனவர் திரும்பினார். "கொஞ்சம் வெள்ளையா போட்ருடா."

"ம்மா, அவன் யாரையும் வெளுக்க வுட்டதில்லையே."

"அவன் கெடக்கான். கருப்பா இருந்து என்னத்தக் கண்டான்? கட கெடச்சிச்சா, வூடு கெடச்சிச்சா? செவுத்துலயாவது வெள்ளையா இருக்கட்டும்லா."

அவர் போன பிறகு கோபம் வந்தது, வழக்கம் போல. அவர் மேல் இல்லை. அவரை அப்படிக் கேட்க வைத்த எல்லார் மேலும். வெளுக்க மாட்டேன் என்று முடிவு செய்தேன். உனக்கு நான் செய்யக்கூடியது இது ஒன்றுதான் மிச்சம் என்று பட்டது. உன் முகம் உன் முகமாகவே வர வேண்டும்.

படம் தேடினேன். அப்போதுதான் தெரிந்தது, உன் நிறம் எந்தப் படத்திலும் இல்லை. நம் தொலைபேசிகள் முகத்தைக் கண்டதும் கேட்காமலேயே மாவு பூசிவிடுகின்றன. செயலிக்கு நீ கொடுத்த படத்தில் நீ யாரோ நடிகன் மாதிரி இருக்கிறாய். அடையாள அட்டைப் படம் விளக்கு வெளிச்சத்தில் வெளிறிக் கிடக்கிறது. சாவு வீட்டில் வைத்த படத்தை ஸ்டூடியோக்காரர் தன் பங்குக்கு வேறு வெளுத்திருந்தார். கண், மூக்கு, மீசை எல்லாம் படத்திலிருந்து எடுக்கலாம். நிறத்தை மட்டும் நான்தான் ஞாபகத்திலிருந்து எடுக்க வேண்டும். மரம்தான் அந்த நிறம். ஆக, உன் நிறத்தில் ஒரு பலகை வேண்டும்.

கோப்பெங் பக்கம் கதவு செய்கிற பட்டறையின் கழிவுக் குவியலுக்குப் போனேன். ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். கடைசியில் ஒரு மெர்பாவ் பலகையை எடுத்தேன். அங்கே இருந்ததிலேயே கறுத்தது அதுதான். இதுதான் நீ என்று எனக்குச் சந்தேகமே இல்லை. பின்பக்கம் கட்டம் போட்டேன். மெதுவாக, அதிகச் சக்தியில், புகைக்கறை படியாமல் மேலே டேப் ஒட்டி ஓட்டினேன். அருமையாக விழுந்தது. கருங்கல் சிலை மாதிரி இருந்தாய். எவனாவது வந்து குறை சொல்லட்டும் என்று சுவரில் சாய்த்து வைத்தேன்.

உன் அம்மா வந்தார். பலகையைக் கையில் எடுக்கவில்லை. நின்றபடியே பார்த்தார்.

"இது யாருடா?"

"என்னம்மா இப்படிக் கேக்குறீங்க?"

"எம்புள்ள இம்புட்டுக் கருப்பா?"

எனக்குச் சூடு ஏறிவிட்டது. "கருப்புன்னா என்னம்மா தப்பு? அவனே..."

"தப்புன்னு யாரு சொன்னா? அவன் இல்லன்னுதான் சொல்றேன்."

திரும்பிப் பலகையைப் பார்த்தேன். மூக்கு உன்னுடையது, மீசை உன்னுடையது. முகம் யாருடையதோ. நான் யாரை எதிர்த்துக் கத்த நினைத்தேனோ அவர்களுக்காகச் செய்த முகம் அது. அவர்கள் உன்னை வெளுத்தார்கள், நான் கோபத்தில் உன்னைக் கறுத்துவிட்டேன். நீ இரண்டிலும் இல்லை. அதைவிட மோசமான ஒன்று அப்போதுதான் தெரிந்தது. உன் நிறம் எனக்கு ஞாபகம் இல்லை. தினமும் பக்கத்தில் நின்றவனின் நிறம்.

"எனக்குத் தெரியலம்மா," என்றேன். "எந்தக் கலருன்னு தெரியல."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். நீலச் சட்டையின் கைப் பொத்தானைக் கழற்றி, முழங்கைக்கு மேலே வரை சுருட்டினார்.

"இருக்கிற பலகையெல்லாம் எடுத்து மேசையில போடு."

போட்டேன். அவர் கையை ஒவ்வொரு பலகையின் பக்கத்திலும் வைத்து வைத்துப் பார்த்தார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரு நிறம், அதற்கு மேலே வெயில் படாத இடம் வேறு நிறம்.

"வேணாம், இது செவப்பு. இது எங்க தம்பி கலரு. இது... சீ, இது ஒங்கப்பா."

முன்கட்டிலிருந்து பாய் வந்து எட்டிப் பார்த்தார். என்ன நடக்கிறது என்று கேட்காமலே தன் கையையும் மேசையில் நீட்டினார். "அக்கா, நான் எந்த மரம்?"

"ஒங்களுக்கு மரம் எதுக்கு பாய்? நீங்க வெந்த ரொட்டி," என்றார் உன் அம்மா. பாய் சிரித்துக்கொண்டே போய்விட்டார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீழ்ப்பாதியைத் தொட்டுக் காட்டினார். "பைக்கு ஓட்ட ஆரம்பிச்சப்பறம் அவன் இது." மேல்பாதியைத் தொட்டார். "அதுக்கு முந்தி இது."

"எதும்மா வேணும்?"

கூரையில் மழை தொடங்கிய சத்தம். இயந்திரத்தின் மூடியில் தன் முகம் தெரிவதைப் பார்த்தபடி நின்றார்.

"பைக்கு ஓட்டாதவன்," என்றார்.

மறுபடி தேடினோம். ஞாத்தோவிலேயே நாலைந்து விதம் இருந்தது, ஒன்று இளஞ்சிவப்பாக, ஒன்று சாம்பல் ஓடியதாக. இழுப்பறைக்கு அடியில் போட்டிருந்த ஒரு பலகையை உருவினேன். அதை அவர் மேல்கையோடு ஒட்டி வைத்ததும் அவர் கையை அங்கேயே வைத்துக்கொண்டார். எது கை எது பலகை என்று தெரியாத அளவுக்கு என்று சொன்னால் மிகையாக இருக்கும். தெரிந்தது. ஆனால் அது உன் வீட்டு ஆள்.

அந்த நிறத்தில் வேறு பலகை இல்லை. கெட்டால் போச்சு. பின்பக்கம் கட்டம் போட்டேன், மூலையில், சின்னதாக. பழைய பலகை, நன்றாகக் காய்ந்திருந்தது. வழக்கமான ஞாத்தோ எண்களில் முதல் கட்டமே கரியாகிவிட்டது. சக்தியைக் குறைத்தேன். வேகத்தைக் கூட்டினேன். மறுபடி குறைத்தேன். புருவத்துக்கு ஒன்று, தாடை நிழலுக்கு அதைவிட மெல்லியது ஒன்று என்று இரண்டு கட்டங்களைத் தேர்ந்தெடுத்தேன். இந்த முறையும் அளவு பிசகவில்லை. மரத்துப்போனவனுக்கு அது ஒரு வசதி.

உன் அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கண்ணாடி மூடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மேலிருந்து வரி வரியாக இறங்கியது. முதலில் முடி. ஒளிப்புள்ளி போகும் இடத்தில் சின்னப் பொறி, சின்னப் புகை. முடி முடிந்தது. பிறகு இயந்திரத்தின் தலை இடமும் வலமும் போய் வந்துகொண்டே இருந்தது, பொறியும் இல்லை, புகையும் இல்லை.

"ஏன்டா சும்மா போவுது? கெட்டுப் போச்சா?"

"நெத்திம்மா. அங்க எரிக்க ஒண்ணுமில்ல."

அவர் கண்ணாடிக்கு இன்னும் கிட்டே குனிந்தார். ஒன்றும் எரியாத அந்த இடத்தைத்தான் அதிக நேரம் பார்த்தார். புருவம் வந்தது. கண் வந்தது. கன்னத்தில் மறுபடி சும்மா போய் வந்தது. இந்த முறை அவர் கேட்கவில்லை. மீசை எரிந்தபோது முந்தானை எதுவும் இல்லாததால் சுருட்டிய சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

முடிந்ததும் எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன். அவர் கையைப் பக்கத்தில் வைத்து ஒருமுறை சரிபார்த்தார். "ம்" என்றார். வேலைக்குக் கொண்டுபோகிற துண்டில் சுற்றி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மழை விடுவதற்காக முன்கட்டில் போய் நின்றார்.

சாய்த்து வைத்திருந்த மெர்பாவை நான் அன்றைக்கே தேய்க்கத் தொடங்கினேன். கெட்டி மரம். முகம் போக வெகுநேரமானது.

தலைத் திவசத்துக்குப் போனேன். அடுக்குமாடியின் அந்தச் சின்ன ஹாலில் சுவரோரம் பலகை, அதற்கு மாலை, முன்னால் இலை. கருவாட்டுச் சம்பல், முட்டை, நீ விரும்பும் அந்தக் கட்டிச் சாம்பார், பாய் கொடுத்தனுப்பிய ரொட்டி. உன் பெரியம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் கலரு ஏத்தியிருக்கலாமேலா. நல்ல மூக்கும் முழியுமா இருந்த புள்ள," என்றார்.

உன் அம்மா விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டே திரும்பாமல் சொன்னார். "அவன் கலரு அதான்க்கா. வேணும்னா ஒங்க போட்டோவுக்கு ஏத்திக்குங்க."

யாரும் சிரிக்கவில்லை. எனக்கு மட்டும் உன் சிரிப்புக் கேட்டது போல இருந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். கேட்கவில்லை. கருவாடு உப்பு அதிகம், நிறையச் சோறு தின்றேன்.

கடை ஓடுகிறது. படத்தோடு வருகிறவர்களிடம் முதலில் கையைக் காட்டச் சொல்கிறேன், மகளோ தம்பியோ யாராக இருந்தாலும். சிலர் முறைக்கிறார்கள். சிலர் சட்டையைச் சுருட்டுகிறார்கள். வெள்ளையாக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறவர்களோடு நான் இப்போது சண்டை போடுவதில்லை. பலகைகளைக் கையோடு வைத்துக் காட்டுகிறேன், எடுப்பதை எடுக்கட்டும். பாதிப் பேர் இன்னும் வெளிறிய ரப்பரைத்தான் எடுக்கிறார்கள்.

ஆனால் இது கடையோடு நிற்கவில்லை. பேருந்தில் கம்பியைப் பிடித்திருக்கிற கைகளைப் பார்க்கிறேன். பணம் வாங்கும் கை, குப்பை அள்ளும் கை. எல்லாவற்றுக்கும் மனசு தானாக ஒரு மரம் சொல்கிறது, வேகம் சொல்கிறது, சக்தி சொல்கிறது. வேண்டாம் என்றாலும் நிற்பதில்லை. போன வாரம் சாலைத் தடுப்பில் போலீஸ்காரர் ஒருவர் வரிசையில் நின்ற கார்களை விட்டுவிட்டு என் பைக்கை ஓரங்கட்டச் சொன்னார். மலாய்க்காரர். எங்கே போகிறாய், தோள்பையில் என்ன என்று கேட்டுக்கொண்டே என் அடையாள அட்டைக்குக் கையை நீட்டினார். எனக்குக் கேள்வி காதில் விழவில்லை. அவர் சட்டைக் கை மேலே ஏறியிருந்தது. ஞாத்தோ. காய்ந்த பலகை. கொஞ்சம் வேகம் கூட்டி, சக்தியைக் குறைத்து. உன் நிறம், பைக் ஓட்டுவதற்கு முந்தைய நிறம்.

"என்ன பாக்குற?" என்று மலாயில் அதட்டினார்.

ஒன்றும் இல்லை என்றேன். அட்டையைத் திருப்பித் தந்தார், வாங்கிக்கொண்டு போனேன்.